பேருந்து நேற்று எங்கே நின்றது?

காலை எட்டேகால் ஆனால் பள்ளி அலுவலகத்தில் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிடும். "சார், வண்டி எங்கே வருது?" முன்பெல்லாம் இதற்கு யாரிடமும் பதில் இருக்காது. இப்போது பல பள்ளிகளில் அலுவலகப் பணியாளர் கைப்பேசியைத் திறந்து, வரைபடத்தில் நகரும் ஒரு புள்ளியைப் பார்த்து, "ரயில்வே கேட் தாண்டிட்டாங்கம்மா, இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிடுகிறார். கேட்டவருக்கு நிம்மதி. தொலைபேசியை வைத்ததும் அந்தப் புள்ளியை எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

புள்ளியை நாம்தான் மறக்கிறோம். அது எங்கும் போய்விடுவதில்லை. பேருந்து எந்த நொடியில் எங்கே இருந்தது, என்ன வேகத்தில் போனது, எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்பதெல்லாம் ஒரு கணினியில் வரிசை வரிசையாகச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஜிபிஎஸ் கருவிக்குப் பள்ளி கொடுத்த பணத்தில் பெரும்பகுதி இந்தச் சேமிப்புக்கானது என்பது என் கருத்து. ஆனால் பெரும்பாலான பள்ளிகள் "இப்போது எங்கே?" என்ற ஒரு கேள்வியை மட்டுமே அதனிடம் கேட்கின்றன. "கடந்த ஒரு மாதமாக எங்கே, எப்படி, ஏன்?" என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள் வேறு வகையானவை. அவற்றைக் கேட்பது எப்படி என்பதையும், கேட்கும்போது எங்கெல்லாம் ஏமாறலாம் என்பதையும் பார்ப்போம். வாகனப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட ஆசிரியர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்களுக்கும் தொடர்பில்லாத செய்தியல்ல. தாமதமாக வந்த பேருந்திலிருந்து இறங்கி, வழிபாட்டுக் கூட்டத்துக்கு வெளியே தனியாக நிறுத்தப்படும் குழந்தை நம் வகுப்புக் குழந்தைதானே!

கருவி எழுதும் நாட்குறிப்பு

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. பேருந்தில் உள்ள கருவி அந்த அறிவிப்புகளைக் கேட்கிறது. தன் பங்குக்கு வானத்துக்கு எதையும் அனுப்புவதில்லை. சமிக்ஞை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு ஒவ்வொரு செயற்கைக்கோளும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கணக்கிடுகிறது. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய மூன்றும் தெரியாத எண்கள். கருவியின் மலிவான கடிகாரத்தில் உள்ள பிழை நான்காவது. நான்கு தெரியாத எண்களுக்கு நான்கு சமன்பாடுகள் வேண்டும். அதனால்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கண்ணில் படவேண்டியிருக்கிறது. ஒருங்கமை சமன்பாடுகளால் என்ன பயன் என்று கேட்கும் மாணவருக்கு இதைச் சொல்லலாம்.

நம் நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பொதுப்பயன்பாட்டுப் பயணிகள் வாகனங்களுக்கு இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரகாலப் பொத்தானும் கட்டாயமாக்கப்பட்டன. இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு விலக்கு உண்டு. இந்தக் கருவிகளுக்கான தரநிலைதான் ஏஐஎஸ் 140. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் நாவிக் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையையும் இத்தகைய கருவிகள் பயன்படுத்தும். கைப்பேசிக் கோபுரம் எட்டாத மலைப்பாதையில் போகும்போது பதிவுகளைத் தம்மிடமே வைத்திருந்து, தொடர்பு கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும்.

அனுப்பப்படும் ஒவ்வொரு பதிவும் ஒரு வரி: நாள், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், எஞ்சின் இயங்குகிறதா இல்லையா. பத்து நொடிக்கு ஒரு வரி என்றால் மணிக்கு 360 வரிகள். பேருந்து நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் 1,440. ஆண்டுக்கு 220 வேலைநாள் என்று கொண்டால் ஒரு பேருந்துக்கு மட்டும் 3,16,800 வரிகள். இவ்வளவு பெரிய நாட்குறிப்பை யாரும் வரிவரியாகப் படிக்க முடியாது, படிக்கவும் தேவையில்லை. நல்ல கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு வேண்டிய வரிகளை மட்டும் பொறுக்கினால் போதும். கருவி வழங்கிய நிறுவனத்தின் இணையதளத்தில் பெரும்பாலும் பழைய பயண அறிக்கைகளை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கும். எத்தனை மாதப் பதிவுகளை அவர்கள் வைத்திருக்கிறார்கள் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் சில மாதங்களில் அழித்துவிடுவார்கள்.

ரயில்வே கேட் கணக்கு

விளக்குவதற்காக ஒரு கற்பனை வழித்தடத்தை அமைத்துக்கொள்வோம். முதல் நிறுத்தத்தில் பேருந்து 7.10-க்குக் கிளம்புகிறது. நடுவில் ஒரு ரயில்வே கேட். கேட்டைத் தாண்டியதும் 14 கி.மீ. நேரான சாலை. அதன்பின் சில நிறுத்தங்கள், பிறகு பள்ளி. வழிபாட்டுக் கூட்டம் 8.40-க்கு.

இந்த வண்டி அடிக்கடி தாமதமாகிறது என்ற புகார் வருகிறது. வாகனப் பொறுப்பாளர் 20 வேலைநாள் பதிவுகளை எடுத்து, கேட்டைக் கடக்க ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடம் ஆனது என்று பார்க்கிறார். 12 நாள்களில் ஒரு நிமிடம். 8 நாள்களில் ஒன்பது நிமிடம். மொத்தம் 84 நிமிடம்; இருபதால் வகுத்தால் 4.2. ஆகவே "கேட்டுக்கு 4 நிமிடம்" என்று கால அட்டவணையில் எழுதிவிடுகிறார்.

இதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது. அந்த 20 நாள்களில் ஒரு நாள்கூடக் கேட் 4 நிமிடம் எடுக்கவில்லை! அட்டவணை 4 நிமிடம் என்று நம்புவதால், 12 நாள்களில் பேருந்து அடுத்த நிறுத்தத்துக்கு 3 நிமிடம் முன்னதாகவே வந்து போய்விடுகிறது. சொன்ன நேரத்துக்கு வந்த குழந்தை வண்டியைத் தவறவிடுகிறது. மீதி 8 நாள்களில் 5 நிமிடம் தாமதம். கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு மூன்றையும் ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். இந்தத் தரவில் இடைநிலை அளவும் 1, முகடும் 1, சராசரி மட்டும் 4.2. எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "நீங்கள் வாகனப் பொறுப்பாளராக இருந்தால் எதை எழுதுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்றில் எதுவும் தனியாகப் போதாது என்பதை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

போதாததற்குக் காரணம், இங்கே இருப்பது இரண்டு வேறு வகையான காலைகள். கேட் திறந்த காலை, கேட் மூடிய காலை. சராசரி இரண்டையும் கலந்து இல்லாத ஒரு காலையை உண்டாக்கிவிடுகிறது. எனவே அடுத்த கேள்வி, அந்த 8 நாள்களில் வேறு என்ன நடந்தது என்பதாக இருக்கவேண்டும்.

பேருந்து கேட்டை அடைந்த நேரத்தைப் பார்த்தால், 12 நல்ல நாள்களில் 7.46, அல்லது அதற்குச் சற்று முன். 8 நாள்களிலோ 7.48. காலை ரயிலுக்காக 7.47-க்குக் கேட்டை மூடுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் தவறவிட்ட கேட் எட்டு நிமிடத்தைக் கூடுதலாக விழுங்கிவிடுகிறது. சரி, அந்த இரண்டு நிமிடம் எங்கே போனது? இன்னும் பின்னோக்கிப் போனால் மூன்றாவது நிறுத்தமான அரசமரத்தடியில் விடை கிடைக்கிறது. வழக்கமாக அங்கே வண்டி 40 நொடி நிற்கும். அந்த 8 நாள்களில் 7 நாள் இரண்டரை நிமிடத்துக்கு மேல் நின்றிருக்கிறது.

நகரும் புள்ளியைப் பார்ப்பவருக்கு "கேட்டில் மாட்டிக்கொண்டது" என்பது மட்டுமே தெரியும். நோயின் இடம் கேட்டுக்கு ஐந்தாறு கி.மீ. முன்னால் இருப்பதைச் சேமித்த பதிவுதான் காட்டியது.

ஆனால் பதிவு அங்கே நின்றுவிடுகிறது. அரசமரத்தடியில் ஏன் நின்றது என்பதைச் செயற்கைக்கோள் சொல்லாது. வண்டியில் வரும் உதவியாளரைக் கேட்கவேண்டும். "அந்த யுகேஜி பையனோட அம்மா பால் சொசைட்டில பால் ஊத்திட்டு வரணும் சார். அளவு எடுக்கறவர் லேட்டா வர்ற நாள்ல அவங்களும் லேட்டு. சின்னப் பையன், விட்டுட்டுப் போக மனசு வரல." இப்படி ஒரு பதில் கிடைத்தால் தீர்வும் அதிலேயே இருக்கிறது. சொசைட்டி அதே சாலையில் 200 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் நிறுத்தத்தை அதன் வாசலுக்கே மாற்றிவிடலாம். டீசல் செலவு இல்லை, யாருக்கும் எச்சரிக்கைக் கடிதம் இல்லை. பதிவை மட்டும் பார்த்து "40 நொடிக்கு மேல் நிற்கக் கூடாது" என்று சுற்றறிக்கை அனுப்பியிருந்தால், ஒரு குழந்தை வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளிக்கு வராமல் போயிருக்கும். அதை நாம் வருகைப் பதிவேட்டில் "அடிக்கடி விடுப்பு" என்று எழுதியிருப்போம்.

வேகத்துக்கு யார் காரணம்?

அதே வழித்தடத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கேட் திறந்த நாளில் வண்டி 8.28-க்குப் பள்ளிக்கு வருகிறது. மூடிய நாளில் அரசமரத்தடியில் 2 நிமிடமும் கேட்டில் 8 நிமிடமும் கூடுதலாகப் போவதால் 8.38-க்கு வரவேண்டும். பதிவில் இருப்பதோ 8.33. ஐந்து நிமிடத்தை யாரோ மீட்டிருக்கிறார்கள். கேட்டுக்கு அப்பாலுள்ள 14 கி.மீ. நேர்ச்சாலையில் நல்ல நாளில் வேகம் மணிக்கு 42 கி.மீ. அந்தத் தொலைவைக் கடக்க 20 நிமிடம். மூடிய நாளில் அதே தொலைவை 15 நிமிடத்தில் கடந்திருக்கிறார்கள். அதாவது மணிக்கு 56 கி.மீ.

வேக எச்சரிக்கை இந்த நேர்ச்சாலையில்தான் ஒலிக்கும். அதைக் கேட்டதும் ஓட்டுநரை அழைத்துக் கண்டிப்பதே நம் வழக்கம். அதற்கு முன் ஒரு சோதனை செய்துபார்க்கலாம். ஓட்டுநர் மாறிய பிறகும் அதே இடத்தில் அதே வேகம் பதிவாகிறதா? ஆம் எனில் கோளாறு சாலையிலோ அட்டவணையிலோ இருக்கிறது. நிறைவேற்ற முடியாத ஒரு நேரத்தை நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதற்கு மாறாக, எந்த வழித்தடத்துக்கு அனுப்பினாலும் ஒரே ஓட்டுநரிடம் மட்டும் வேகம் தென்படுகிறதா? அப்படியானால் அவரிடம் பேசவேண்டியதுதான். இந்த இரண்டையும் ஒரு நாள் பதிவிலிருந்து பிரித்தறியவே முடியாது. மாதக் கணக்கில் சேர்ந்த பதிவு இருந்தால்தான் முடியும்.

ஒரு வண்டி 40 குழந்தைகளை ஏற்றிக்கொண்டு 56-இல் போகிறது என்பது யார் தவறு என்றாலும் ஆபத்துதான்; அன்றைக்கே நிறுத்தப்படவேண்டியதுதான். ஆனால் காரணத்தைக் களையாமல் ஆளை மட்டும் மாற்றினால், அடுத்து வருபவரும் அந்த நேர்ச்சாலையில் அழுத்திப் பிடிப்பார்.

எண்கள் பொய் சொல்லும் இடங்கள்

கருவி தரும் எண் துல்லியமானது என்று நம்பிவிடுவது எளிது, அதில் ஆறு தசம இடங்கள் இருப்பதால். அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கி.மீ. எனவே ஐந்தாவது தசம இடம் என்பது 1.1 மீட்டர், ஆறாவது இடம் 11 சென்டிமீட்டர். வானம் நன்றாகத் தெரியும் வெட்டவெளியிலேயே சாதாரணக் கருவியின் பிழை சில மீட்டர் இருக்கும்போது, அந்த ஆறாவது இலக்கத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. உயரமான கட்டடங்களுக்கிடையே சமிக்ஞை சுவரில் பட்டு எதிரொலித்து வருவதால் பிழை இன்னும் கூடும். வண்டி பக்கத்துத் தெருவில் ஓடியதாகக்கூடக் காட்டும். "நீ ஏன் அந்தத் தெருவுக்குப் போனாய்?" என்று ஓட்டுநரைக் கேட்பதற்குமுன் இதை நினைவில் கொள்வது நல்லது.

நின்றுகொண்டிருக்கும் வண்டியும் பதிவில் அசையும். ஒவ்வொரு முறையும் சில மீட்டர் இங்குமங்கும் விலகிக் காட்டுவதால், இரவு முழுக்க வளாகத்தில் நின்ற பேருந்து சில கி.மீ. ஓடியதாகக் கூட்டல் கணக்கு வரலாம். எஞ்சின் அணைந்திருந்த வரிகளை நீக்கிவிட்டுத்தான் தொலைவைக் கூட்டவேண்டும்.

மலைப்பாதையில் இதற்கு நேரெதிர். கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கருவி முப்பது நொடிக்கு ஒருமுறை மட்டும் பதிந்தால், இரண்டு பதிவுகளுக்கு நடுவில் வண்டி ஒரு வளைவையே சுற்றி முடித்திருக்கும். கணினி இரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைக்கும். வில்லின் நீளத்துக்குப் பதில் நாணின் நீளம் கணக்கில் ஏறும். தொலைவு குறைந்து காட்டுவதால் லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்பதும் குறைந்து தெரியும். "டீசல் எங்கே போகிறது?" என்ற சந்தேகம் எழும். ஓடோமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஜிபிஎஸ் தொலைவை மட்டும் வைத்து டீசல் கணக்குக் கேட்பது அநியாயம். சமவெளி வண்டியையும் மலை வண்டியையும் ஒரே பட்டியலில் வைத்து மைலேஜ் ஒப்பிடுவதும் அப்படித்தான்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். பத்து நொடியில் 111 மீட்டர். அந்த 111 மீட்டருக்குள் போட்ட திடீர் பிரேக்கும், தூக்கிப்போட்ட வேகத்தடையும் பதிவில் இருக்காது. குழந்தைகளைக் கேட்டால் தெரியும். கடைசி இருக்கையில் உட்கார்பவர்கள் வேகத்தடைகளை வரிசை மாறாமல் சொல்வார்கள்!

நேரம் பற்றியும் ஒரு சிறு எச்சரிக்கை. சில அறிக்கைகளில் நேரம் உலகப் பொது நேரமாக இருக்கும். காலை 7.40-க்கு நடந்தது 2.10 என்று பதிவாகியிருக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளவேண்டும். இது தெரியாமல், அதிகாலை இரண்டு மணிக்குப் பள்ளி வண்டியை யாரோ எடுத்துப் போனதாகப் பதறவேண்டாம்.

பெரிய வாகனத் தொகுதிகளில் நடந்தவை

சேமித்த பயணப் பதிவுகளைப் பெரிய அளவில் பயன்படுத்தியதற்கு அமெரிக்காவின் யுபிஎஸ் பார்சல் நிறுவனம் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. தன் வாகனங்களில் கருவிகளைப் பொருத்திச் சேர்த்த தரவைக் கொண்டு, எந்த வரிசையில் பார்சல்களைக் கொடுப்பது என்று கணக்கிடும் ஓரியன் என்ற மென்பொருளை அது உருவாக்கியது. கணக்கு கடினமானது. பத்து இடங்களை எந்த வரிசையில் சுற்றுவது என்பதற்கே 36,28,800 வழிகள் உள்ளன. ஒரு வாகனம் நாளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நிற்கிறது. ஏறத்தாழ 55,000 வழித்தடங்களில் இம்முறை நடைமுறைக்கு வந்தபின் ஆண்டுக்கு 10 கோடி மைல் ஓட்டம் குறைந்தது என்பது அந்நிறுவனம் வெளியிட்ட கணக்கு. அங்கே சாலையின் வலப்புறம் ஓட்டுவதால் இடப்பக்கம் திரும்புவதற்கு எதிரே வரும் வண்டிகளுக்காகக் காத்திருக்கவேண்டும். அந்தத் திருப்பங்களை முடிந்தவரை தவிர்த்தது இன்னொரு புகழ்பெற்ற மாற்றம். நமக்கு அது வலப்பக்கத் திருப்பம். குழந்தையைச் சாலையின் எதிர்ப்பக்கம் இறக்கிவிடாமல் வழித்தடம் அமைப்பதும் இதே சிந்தனைதான். அங்கே மிச்சமாவது எரிபொருள், இங்கே காப்பாற்றப்படுவது உயிர்.

சந்தையில் கிடைத்த வரைபடங்கள் யுபிஎஸ்ஸுக்குப் போதவில்லை. தம் தேவைக்கேற்பத் திருத்திய வரைபடங்களை உருவாக்கவேண்டியிருந்தது. எந்தக் கட்டடத்துக்குப் பின்வாசல் எங்கே என்பது ஓட்டுநருக்குத்தான் தெரியும்.

பள்ளிகளுக்கு இன்னும் நெருக்கமானது பாஸ்டன் நகரின் அனுபவம். 2017-இல் அந்நகரப் பள்ளி நிர்வாகம், தன் 600-க்கும் மேற்பட்ட பேருந்துகளின் வழித்தடங்களைச் சீரமைக்க ஆய்வாளர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. எம்ஐடி ஆய்வாளர்கள் உருவாக்கிய கணிமுறை சுமார் 50 பேருந்துகளைக் குறைத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் டாலர் சேமிப்பு என்று மதிப்பிட்டார்கள். அடுத்த கட்டமாக, பள்ளிகள் தொடங்கும் நேரத்தையும் அதே முறையில் மாற்ற முயன்றார்கள். பதின்பருவ மாணவர்கள் காலையில் கூடுதலாகத் தூங்கட்டும் என்ற நல்ல நோக்கமும் அதில் இருந்தது. ஆனால் பல தொடக்கப் பள்ளிகளின் நேரம் வெகுவாக முன்னால் நகர்ந்தது. பள்ளி சீக்கிரம் விட்டால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, தங்கள் வேலை நேரம் என்னாவது என்று பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். அந்த டிசம்பரிலேயே திட்டம் கைவிடப்பட்டது. கணக்கில் தவறில்லை. கணக்கு எதைக் குறைக்கவேண்டும் என்பதைக் குடும்பங்களோடு உட்கார்ந்து முடிவு செய்யவில்லை.

முதலில் ஏறும் குழந்தை

நம் கற்பனை வழித்தடத்துக்குத் திரும்புவோம். 7.10-க்கு ஏறும் குழந்தை 8.28-க்கு இறங்குகிறது. 78 நிமிடம். மாலையில் வண்டி அதே வழியில் பின்னோக்கிப் போனால், காலையில் முதலில் ஏறியவரே மாலையில் கடைசியாக இறங்குவார். இன்னொரு 78. நாளுக்கு 2 மணி 36 நிமிடம். 220 நாளுக்கு 572 மணி நேரம். ஏறத்தாழ 24 முழு நாள்கள். ஒரு கல்வியாண்டில் 24 நாள்களை அந்தக் குழந்தை பேருந்திலேயே கழிக்கிறது. வீட்டுப்பாடம் முடிக்காமல் வந்ததற்கு நாம் கேள்வி கேட்பதும் அந்தக் குழந்தையைத்தான்.

வழித்தடம் அமைக்கும்போது நாம் பெரும்பாலும் மொத்த கி.மீ. குறையவேண்டும் என்று பார்க்கிறோம். டீசலுக்கு அது சரி. மிக நீண்ட நேரம் பயணம் செய்யும் குழந்தையின் நேரம் குறையவேண்டும் என்று பார்த்தால் வழித்தடம் வேறுவிதமாக அமையும். வட்டப் பாதையாக இருந்தால் மாலையிலும் அதே திசையில் சுற்றலாம். முதலில் ஏறியவர் முதலில் இறங்குவார். சில கி.மீ. கூடலாம். எது வேண்டும் என்பதைப் பள்ளி முடிவு செய்யவேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காலை, மாலைப் பயண நிமிடங்களைக் கூட்டி ஒரு பட்டியல் போட்டு, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் வைத்துப் பாருங்கள். இதுவரை யாரும் கேட்காத கேள்விகள் அங்கே எழும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை சொல்வதற்கு அதிகமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று நாள்காட்டியைப் பார்த்து எல்லா வண்டிகளுக்கும் ஒரே நேரத்தில் சர்வீஸ் செய்வதைவிட, ஓடிய தொலைவையும் எஞ்சின் இயங்கிய மணிகளையும் பார்த்துச் செய்வது சிக்கனம். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடிய நேரத்தைத் தனியே கூட்டினால் சில வண்டிகளில் வியப்பான எண் வரும். பள்ளி திறப்பதற்கு முன் போக்குவரத்து அலுவலர்கள் நடத்தும் ஆய்வு நின்றுகொண்டிருக்கும் வண்டியைப் பார்க்கிறது. ஓடும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்க்கும் வேலை மீதிப் பத்து மாதமும் பள்ளியுடையது.

யார் பார்க்கலாம்?

இந்தப் பதிவு ஓட்டுநரின் வேலைநாளை நொடிநொடியாகக் காட்டுகிறது. தேநீருக்கு நின்ற ஏழு நிமிடமும் அதில் இருக்கும். அதையெல்லாம் தோண்டி எடுத்து விசாரிக்கும் பள்ளியில், கருவியின் ஒயர் "தானாகவே" கழன்றுபோவது நடக்கத்தான் செய்யும். எதற்காகப் பார்க்கிறோம், எதைப் பார்க்கமாட்டோம் என்பதை ஓட்டுநர்களிடமும் உதவியாளர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மாதம் ஒருமுறை அந்தந்த வழித்தடத்தின் அறிக்கையை அவர்கள் கையிலேயே கொடுத்து, "இதில் என்ன தவறு?" என்று கேட்டால் பாதி விடைகள் அங்கேயே கிடைத்துவிடும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை இன்னும் கவனம் தேவை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாதவர்களைக் குழந்தைகள் என்று கொள்கிறது. அவர்களைப் பற்றிய தரவைக் கையாள்வதில் கூடுதல் பொறுப்பை விதிக்கிறது. எந்தக் குழந்தை எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்குத் தனியாக நிற்கும் என்ற பட்டியல் தவறான கைக்குப் போகக் கூடாது. அதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது கதவில் சாவியைத் தொங்கவிடுவது போன்றது. நேரப் பகுப்பாய்வுக்குக் குழந்தைகளின் பெயர் தேவையே இல்லை. நிறுத்தத்தின் எண் போதும்.

கருவி இல்லாத பள்ளிகள்

நம் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தப் பேருந்து கிடையாது. மாணவர்கள் இலவசப் பயண அட்டையில் அரசுப் பேருந்தில் வருகிறார்கள். "டவுன் பஸ் லேட் சார்" என்பதைத் தினமும் கேட்கிறோம். பாதி நம்புகிறோம், பாதி நம்புவதில்லை. சென்னையில் மாநகரப் பேருந்துகளின் இருப்பிடத்தைக் கைப்பேசிச் செயலியில் பார்க்க முடிகிறது. மற்ற ஊர்களில் அந்த வசதி இல்லாவிட்டாலும் பதிவு என்பது சாத்தியம்தான். அதற்கு ஒரு நோட்டும் ஒரு கடிகாரமும் போதும்.

ஏழாம் வகுப்பில் தொலைவு–கால வரைபடம் நடத்தும்போது, ஒரே பேருந்தில் வரும் நான்கைந்து மாணவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி வந்த நேரம், கிளம்பிய நேரம், இரண்டை மட்டும் எழுதவேண்டும். 20 நாள் எழுதியதும் வகுப்பில் வரைபடத்தாளில் வரையச் சொல்லுங்கள். கோடு படுக்கையாகப் போகும் இடத்தில் வண்டி நின்றிருக்கிறது. செங்குத்தாக எழும் இடத்தில் விரைந்திருக்கிறது. இருபது நாள் கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால் எந்த இடத்தில் அவை பிரிகின்றன என்பது கண்ணுக்கே தெரியும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதையே எளிதாக்கி, கடிகாரம் பார்த்து நேரம் சொல்லும் பயிற்சியாக மாற்றிக்கொள்ளலாம்.

அந்தத் தாளின் நகலோடு, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தையும் இணைத்து, போக்குவரத்துக் கழகப் பணிமனையின் கிளை மேலாளரிடம் கொடுங்கள். "பேருந்து எப்போதும் தாமதமாக வருகிறது" என்ற மனுவை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். "20 நாளில் 13 நாள் 9.20-க்குப் பிறகே வந்தது, தாமதம் சந்தைமேட்டு நிறுத்தத்துக்கும் பாலத்துக்கும் இடையில் ஏற்படுகிறது, 8.35 நடையை 8.25-க்கு மாற்றினால் 31 மாணவர்கள் முதல் பாடவேளைக்கு வந்துவிடுவார்கள்" என்று நாளும் நேரமும் போட்டு, மாணவர்களே வரைந்த கோடுகளுடன் ஒரு தாள் வந்தால் அவர்கள் பேச்சுக்காகவாவது ஓட்டுநரையும் நடத்துநரையும் கூப்பிட்டுக் கேட்கவேண்டியிருக்கும். மறக்காமல் மனுவின் இன்னொரு நகலை வகுப்புச் சுவரில் ஒட்டி வையுங்கள். பதில் வரும்வரை மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கட்டும்.